மூடியைத் திறந்தால் மூன்று நிமிடம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் இருமல் நின்றதா? நின்றிருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்ட ஆரம்பிக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நம் அமெச்சூர் ரேடியோவில் அம்மாவோடு தந்தி தட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் என் ரிசீவரில் 'சடார்' என்று ஒரு சத்தம். அத்தோடு உங்கள் சிக்னல் போய்விட்டது. ஆபீஸ் வண்டி வந்துவிட்டதால் நான் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். இன்று காலை நீ ரேடியோவில் வந்து, "கரண்ட் போயிடுச்சுக்கா" என்று கூசாமல் சொல்கிறாய். கரண்ட் போனால் சத்தம் நிற்கும், சத்தம் வராது. இத்தனை வருஷமாக ஒலிபரப்பு நிலையத்தில் டிரான்ஸ்மிட்டரைக் கட்டி மேய்க்கிறவளிடம் வந்து காதில் பூ சுற்றுகிறாயே!

அது ஆம்ப்ளிஃபயர் வால்வுக்குள் மின்சாரம் பாய்ந்த சத்தம். இரண்டாயிரத்து ஐந்நூறு வோல்ட் ஓடுகிற இடத்தில் அது எப்போதாவது நடக்கும், வால்வின் மேல் தப்பில்லை. அதற்காகத்தானே, அம்மாவின் சிக்னலைப் பெரிதாக்க நான் கட்டிக்கொடுத்த அந்தப் பெட்டிக்குள் காவல் வைத்தேன்? பாய்கிற மின்சாரத்தை மட்டுப்படுத்தப் பீங்கான் ரெசிஸ்டர். அதையும் மீறினால் அறுந்துபோக அந்த நீள ஃப்யூஸ். போதாததற்கு மூடியில் ஒரு சுவிட்ச்: யாராவது திறந்தால் மெயின் அணையும், கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் பித்தளைப் பட்டை வழியாக வடிந்துவிடும். இவை எல்லாம் ஒழுங்காக இருந்தால் 'டப்' என்று ஃப்யூஸ் போவதோடு சரி. எனக்குக் கேட்டது 'டப்' இல்லை.

உள்ளே என்னென்ன கருகியிருக்கிறது என்று பார்த்து எழுது. ரேடியோவில் சொல்லாதே. அம்மாவும் கேட்பாள், கூடவே பாதி உலகமும் கேட்கும். குடும்பச் சண்டைக்குத் தபால்தான் லாயக்கு.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
அக்கா


ஜூன் 15

அன்பும் பயமும் உள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் வலி மழை நாளில் மட்டும். இருமல் போய்விட்டது. அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

நீ சொன்னது சரி, கரண்ட் போகவில்லை. உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று சொன்னேன். மீட்டர் ஒன்று மட்டும் போய்விட்டது. முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மற்றதெல்லாம் நீ வைத்தபடியே இருக்கிறது. அம்மா வழக்கம்போல் தினமும் உட்கார்ந்து தட்டுகிறாள்.

கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் திறந்ததும் ஊரில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பார்வை மங்கிவிடுகிறது, கண்ணாடி தேய்த்துக் கை ஓய்கிறது.

முடிந்தால் அந்த நீள ஃப்யூஸ் கொஞ்சம் அனுப்பு.

உன் தம்பி


ஜூன் 23

தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவை மழை நாளில் மாடிப்படி ஏற விடாதே.

ஃப்யூஸ் கொஞ்சம் அனுப்பவா? மார்ச்சில் ஒரு டஜன் அனுப்பினேனே, மென்று தின்றாயா? அந்த ஃப்யூஸ் வருஷத்துக்கு ஒன்று போனால் அதிகம். எனக்குத் தெரிந்து அது அடிக்கடி போக ஒரே வழிதான் உண்டு. பெட்டியை அணைத்து, மீட்டர் முள் கீழே இறங்கும்வரை பொறுக்காமல், கண்டென்சர் நிறைந்திருக்கும்போதே மூடியைத் தூக்குவது. பட்டை விழும், 'டமார்' என்று வடியும், ஃப்யூஸ் போகும். அலைவரிசை மாற்றக் கம்பிச் சுருளைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஏன் இந்த அவசரம்? திரும்ப மூடினால் வால்வு சூடேற மூன்று நிமிடம். அதுவரை பெரிய வோல்டேஜ் வராது, வரவும் கூடாது. அந்த மூன்று நிமிடம் உட்கார உன் பின்புறத்தில் முள்ளா இருக்கிறது?

அம்மாவுக்குப் பெட்டியைத் திறந்து மூடுவது நீதானே? நீயே பதில் சொல். ஃப்யூஸ் ஆறு அனுப்பியிருக்கிறேன். ஆறும் போனால் நான் நேரில் வருவேன், ஃப்யூஸோடு வர மாட்டேன்.

வண்டி ஹாரன் அடிக்கிறது. முடிக்கிறேன்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை. அம்மாவும் நானும் இருக்கிறோம்.

வால்வு போய்விட்டது. பெரிய சத்தம். டயோடும் மிச்சமிருந்த இன்னொரு மீட்டரும் போய்விட்டன. வேறு வால்வு கிடைக்குமா? இனி கவனமாக இருக்கிறேன். திட்டுவதானால் என்னைத் திட்டு.

உன் தம்பி


ஜூலை 27

தம்பிக்கு,

உடம்பைப் பற்றி விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், அம்மா எப்படி இருக்கிறாள்?

திட்டத்தான் போகிறேன், அதற்கு உன் அனுமதி வேறா? அந்த வால்வுக்கு நான் எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன் தெரியுமா? அதைவிடப் பெரிய அவமானம், ரேடியோ கிளப்பில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "ஊருக்கெல்லாம் பாதுகாப்புப் பாடம் எடுக்கறீங்க, உங்க அம்மா வீட்டுப் பெட்டி ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை வெடிச்சிருக்கே" என்று ஒருவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்கிறார். நான் வைத்த காவல் ஒழுங்காக இருந்திருந்தால் வால்வும் மீட்டரும் டயோடும் ஒரே அடியில் போகவே முடியாது. முடியாது என்றால் முடியாது. ஆக, நான் கணக்குத் தப்பாகப் போட்டேன், அல்லது நீ பொய் சொல்கிறாய். என் கணக்கை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

செத்த வால்வு, மீட்டர், ரெசிஸ்டர், எல்லாவற்றையும் எனக்குப் பார்சல் அனுப்பு. அவற்றுக்கு உன்னைப் போல மழுப்பத் தெரியாது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் நிலைய டிரான்ஸ்மிட்டர் ஓய்ந்து இரைச்சல் அடங்கியிருக்கிற நேரத்தில் அம்மா ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் சின்ன செட்டில் வந்தாளே, தந்திக் கை ஏன் அப்படி நொண்டியது? எத்தனை வருஷம் தந்தி ஆபீசில் வேலை பார்த்த கை! புதிதாகப் பழகுகிறவள் மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் தடுமாறினாள். டாக்டரிடம் காட்டினாயா?

அக்கா


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பார்சல் அனுப்பியிருக்கிறேன். உடையாமல் இருக்க அட்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். அம்மாவுக்குப் புதுத் தந்திக் கீ வாங்கிக் கொடுத்தேன். அது இன்னும் பழகவில்லை, அதுதான் தடுமாற்றம்.

உன் தம்பி


ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

பார்சல் வந்தது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் தடவை நிஜமாகவே விசாரிக்கப்போகிறேன்.

வால்வு உள்ளே கருகிப்போயிருக்கிறது. மீட்டர் முள் சுருண்டிருக்கிறது. இவர்களுக்கு முன்னால் நின்று அடி வாங்கியிருக்க வேண்டிய ரெசிஸ்டர் மட்டும் புதுப்பெண் மாதிரி பளபளவென்று வந்து இறங்கியிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? மின்சாரம் அதன் வழியாகப் போகவே இல்லை. யாரோ கண்டென்சரிலிருந்து வால்வுக்கு நேராக ஒரு கம்பியைப் போட்டு, ரெசிஸ்டரையும் ஃப்யூஸையும் ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

எந்தக் கம்பி என்று தேட எனக்குச் சிரமமே வைக்கவில்லை நீ. மகா புத்திசாலி, அந்தக் கம்பியாலேயே பார்சலைக் கட்டி அனுப்பியிருக்கிறாய்! மேஜையில் கையில் கிடைத்ததை எடுத்துக் கட்டுகிற பழக்கம் உனக்குக் கண்ணாடிக் கடையில் வந்ததா, பிறவியிலேயே வந்ததா? ஒரு முனை உருகி மணியாகியிருக்கிறது. அந்த முனையைப் பார்த்துத்தான் முதலில் கத்தினேன். உன் அத்தான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

அப்புறம் கம்பியின் நடுவைப் பார்த்தேன். நீளம் போதாமல் இரண்டு துண்டை ஒட்டியிருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக எதிரெதிரே நெருக்கிச் சுற்றி, விரலைக் கிழிக்காதபடி நுனியை உள்ளே அமுக்கிய ஒட்டு. தந்தி ஆபீஸ் ஒட்டு. உனக்குச் செருப்பு வாரே ஒழுங்காக மாட்ட வராது. நம் வீட்டில் அப்படி ஒட்டுப் போடுகிற கை ஒன்றே ஒன்றுதான்.

ஜூன் மாதத்திலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீயும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருக்கிறாய். எனக்கு வருகிற ஆத்திரத்தில் இந்தப் பேனா உடைந்துவிடும்.

இப்போது விசாரிக்கிறேன். அம்மாவின் வலது கைக்கு என்ன ஆயிற்று?

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த 'இப்போது'வைத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அம்மாதான் கம்பி போட்டாள். மூடி சுவிட்ச் அமுங்கியே இருக்கத் துணி உலர்த்துகிற கிளிப்பை மாட்டினாள். பித்தளைப் பட்டையை நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டினாள். மூடி திறந்தபடியே பெட்டி ஓடும். நான் கடையில் இருக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஜூனில் மீட்டர் போனபோதுதான் பார்த்தேன். கழற்றினால் மறுநாள் திரும்பப் போட்டுவிடுவாள். "என் பெட்டி, என் வீடு, நீ உன் கண்ணாடியைத் தேய்" என்றாள்.

ஜூலையில் வால்வு வெடித்ததும் கடுப்பில் உடனே உள்ளே கை விட்டிருக்கிறாள். கண்டென்சர் நிறைந்தே இருந்திருக்கிறது. விரல் தொடும் முன்பே பொறி பாய்ந்து சுவரில் போய் விழுந்தாள். நான் வந்தபோது தரையில் உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரல் நுனி வெந்துவிட்டது. இடது கையை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாளாம், அதனால்தான் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகவில்லை என்று டாக்டர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது அவளுடைய இடது கை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். போன வருஷம் அம்மா சைக்கிளிலிருந்து விழுந்தாள் என்று ஒரு வரி எழுதினேன். நீ வந்து இறங்கி, மறுநாளே சைக்கிளை விற்றுவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க அவள் வாசலைத் தாண்டவில்லை. உனக்கு வானிலையை மட்டும் தட்டிவிட்டு எழுந்துபோவாள். இந்தப் பெட்டியும் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது?

எதற்கு இப்படிச் செய்தாய் என்று அவளைக் கேட்டுவிட்டேன். "அது உனக்கு வேண்டாம்" என்கிறாள்.

உன் தம்பி


செப்டம்பர் 9

அம்மாவுக்கு,

வணக்கம். கை எப்படி இருக்கிறது என்று தம்பியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலையில் என்னை வைத்தாயே, ரொம்ப சந்தோஷம்.

துணி கிளிப்பா அம்மா? இரண்டாயிரத்து ஐந்நூறு வோல்ட்டுக்குத் துணி கிளிப்பா? என்கீழ் வேலை பார்க்கிற பையன் எவனாவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். உன்னை எங்கே அனுப்புவது? ஒவ்வொரு சாமானையும் உன்னை நினைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். நீ ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்திருக்கிறாய், நான் உனக்கு எதிரி மாதிரி.

மூன்று நிமிடம் அம்மா. அந்த மூன்று நிமிடத்தில் அப்படி எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போனாய்? அன்றைக்கு இடது கையை மட்டும் நீ அந்த இரும்புப் பெட்டியின் மேல் வைத்திருந்தால் எனக்குத் தபால் வந்திருக்காது, தந்தி வந்திருக்கும். யோசித்தாயா?

புது வால்வு அனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளப்காரர் வந்து பெட்டியை எடுத்துப்போவார், பேசிவிட்டேன். கத்து, பேசாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். உயிரோடு இருந்து செய்.

மகள்


செப்டம்பர் 25

மகளுக்கு,

சுகம். விரல் ஆறிவிட்டது, நகம் கறுப்பு. இடது கையால் எழுதுகிறேன், கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்.

கிளப்காரரை வாசலோடு அனுப்பிவிட்டேன். என் வீட்டுச் சாமானைத் தூக்க என்னைக் கேட்காமல் ஆள் அனுப்ப நீ யார்? சைக்கிளுக்குச் சும்மா இருந்தேன். இதற்கு இருக்க மாட்டேன்.

நீ எழுதிய சட்டமெல்லாம் சரி. கம்பி போட்டது தப்பு என்று எனக்கும் தெரியும். ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் நீ எவ்வளவு நேரம் ரேடியோவில் இருக்கிறாய்? வெளிச்சம் இருக்கும்வரை மேல் அலைவரிசையில் பேசுகிறோம். இருட்டினால் அது செத்துவிடும். கீழ் அலைவரிசை அதற்குப் பிறகுதான் திறக்கும். நான் பெட்டியை அணைத்து, முள் இறங்கப் பொறுத்து, சுருளை மாற்றி, மூடி, நீ வைத்த மூன்று நிமிடமும் உட்கார்ந்து கூப்பிட்டால் நீ இருப்பதில்லை.

ஆம்ப்ளிஃபயர்தான் அணைந்திருக்கும். ரிசீவர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். "அம்மா கேட்கவில்லை, வண்டி வந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று நீ தட்டுவது எனக்கு நன்றாகக் கேட்கும். சின்ன செட்டில் பதில் சொன்னால் உங்கள் டிரான்ஸ்மிட்டர் இரைச்சலில் உன் காதில் விழாது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தினமும். ஒரு நாள் பொறுக்காமல் மூடியைத் தூக்கி, கிளிப்பை மாட்டி, சட்டென்று மாற்றினேன். உன்னைப் பிடித்துவிட்டேன். வண்டி ஹாரன் அடிக்கும்வரை பேசினோம். அன்று உனக்குப் பல்வலி என்று சொன்னாய். அதற்கு முந்திய நாட்களில் உனக்கு என்னென்ன வலி இருந்ததோ எனக்குத் தெரியாது.

எந்தக் கோட்டை என்று கேட்டாய். அதுதான்.

அம்மா


அக்டோபர் 3

அம்மாவுக்கு,

நாங்கள் நலம். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

இதை ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? எனக்கு என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. உன் மேல் வந்ததும் இன்னும் போகவில்லை. "கொஞ்சம் இருடி" என்று சொல்ல வாய் வராமல் மின்சாரத்தில் கை வைப்பாளா ஒருத்தி? நீதான் எனக்குப் பிடிவாதம் கற்றுக்கொடுத்தவள், உன்னிடம் போய்க் கேட்கிறேன்.

ஷிப்டை மாற்றச் சொல்லி இங்கே பெரிய சண்டை போட்டுவிட்டேன். இனி காலை டியூட்டி. சாயங்காலம் எனக்கு எந்த வண்டியும் வராது.

வால்வு, மீட்டர், டயோடு, ஃப்யூஸ் எல்லாம் தனியாக வருகின்றன. தம்பி முதலில் வைத்தபடியே பொருத்தட்டும். நீ பெட்டியை அணை, முள் இறங்கட்டும், அப்புறம் மூடியைத் திற. நிதானமாகச் சுருளை மாற்று. நான் இருக்கிறேன்.

மகள்


நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, நான், பெட்டி, மூன்று பேரும் நலம். அத்தானுக்கு என் அன்பு.

நேற்று நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் அம்மா வரவில்லையே என்று கலங்கியிருப்பாய். காலையில் நீ டியூட்டிக்குக் கிளம்பும் முன் ரேடியோவில் சுருக்கமாகச் சொன்னேன், முழுக்கதை இது. மழைக்கு ஒரு வண்டு காற்றுத் துளை வழியாக உள்ளே போய்விட்டது. இருட்டி, அம்மா சுருளை மாற்றி, மூன்று நிமிடம் முடிந்து, கீயைத் தொட்டதும் 'டப்'. அவ்வளவுதான். ஃப்யூஸ் போயிற்று, வண்டு போயிற்று. வால்வுக்கும் மீட்டருக்கும் ஒன்றுமில்லை. அம்மா நாற்காலியை விட்டு அசையக்கூட இல்லை. நீ வைத்த காவலுக்கு ஒரு கும்பிடு.

மாற்று ஃப்யூஸ் எல்லாவற்றையும் நான் கடை அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன், அம்மாவுக்குப் பயந்து. கடையோ சாத்தியாகிவிட்டது, சாவி முதலாளியிடம். அதற்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுதினால் தபால்காரர் முகம் சுளிப்பார்.

ரிசீவரில் நீ கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. "இப்ப போயிடுவா பாரு" என்றாள் அம்மா. நீ போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இப்ப போயிடுவா" என்றாள். நீ விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். நான் சமைத்து முடித்துத் தட்டு வைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. "வேலை வெட்டி இல்லையாடா இவளுக்கு? இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டா" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

அப்புறம் சின்ன செட்டைப் போட்டு, உனக்குக் கேட்காது என்று தெரிந்தே, தட்ட ஆரம்பித்தாள். ஒரே செய்திதான், திரும்பத் திரும்ப. நீ அந்தப் பக்கம் அம்மா, அம்மா என்று கூப்பிட, இவள் இந்தப் பக்கம் வலது கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். நீ நிறுத்துகிறவரை அவளும் நிறுத்தவில்லை.

உனக்கு வந்து சேராத அந்தச் செய்தியை எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்: 'இருக்கிறேன். நீ போய்ச் சாப்பிடு.'

உன் தம்பி